மலைநகரங்களுக்குக் கேரவன் பயணம்: பாதுகாப்பான முகாம் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேரவன் வாகனம் படுக்கையையும் சமையலறையையும் உடன் கொண்டு வரும். ஆனால் உறுதியான நிலம், குடிநீர், மின்சாரம், கழிவகற்றும் வசதி ஆகியவற்றை முகாம் இடமே தர வேண்டும். முன்பதிவுக்கு முன் கவனிக்க வேண்டியவை குறித்த விரிவான தொகுப்பு இது.

புதுடெல்லி: கோடை விடுமுறை, தொடர் விடுமுறை நாள்களில் மூணாறு, வாகமண், மணாலி, முசோரி போன்ற மலைநகரங்களில் விடுதி அறை கிடைப்பது அரிதாகி வருகிறது. இதற்கு மாற்றாக, படுக்கை, சமையலறை, கழிவறை வசதிகளுடன் கூடிய கேரவன் வாகனங்களை வாடகைக்கு எடுத்துச் செல்வோரின் ஆர்வம் கூடியுள்ளது. கேரளமும் மகாராஷ்டிரமும் 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை வெளியிட்டன. கேரளத்தின் முதல் கேரவன் பூங்கா இடுக்கி மாவட்டம் வாகமணில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

எனினும், நாட்டின் பெரும்பாலான மலைநகரங்களில் முறையான கேரவன் பூங்காக்கள் இன்னும் இல்லை. கூடார முகாம்கள், விடுதிகளின் வாகன நிறுத்துமிடங்கள், ஆற்றங்கரைத் திடல்கள், சாலையோர வெற்றிடங்கள் ஆகியவையே 'கேரவன் முகாம்' என்ற பெயரில் விளம்பரப்படுத்தப்படுகின்றன. சமவெளியில் தவறான இடத்தில் வாகனத்தை நிறுத்தினால் ஓர் இரவு உறக்கம் கெடும். மலையில் அதே தவறு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பூங்காவுக்கும் நிறுத்துமிடத்துக்கும் என்ன வேறுபாடு?

கேரவன் பூங்கா என்பது வாகனத்தை நிறுத்தும் திடல் மட்டுமன்று. கேரளத்தின் 'கேரவன் கேரளா' திட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு பூங்காவுக்குக் குறைந்தபட்சம் 50 சென்ட் நிலமும், ஐந்து வாகனங்கள் தனித்தனியே நிற்கும் இடவசதியும் இருக்க வேண்டும். தண்ணீர், மின் இணைப்பு, கழிவகற்றும் ஏற்பாடு, பாதுகாப்பு, வாகனம் திரும்புவதற்கான இடம் ஆகியவையும் எதிர்பார்க்கப்படுகின்றன.

இந்த வசதிகள் இல்லாத இடத்தில் கேரவன் தன் கையிருப்பை மட்டுமே நம்பி இயங்க வேண்டியிருக்கும். வாடகைக் கேரவன்களின் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது லிட்டர் அளவுடையது. நான்கு பேர் குளித்து, சமைத்து, கழிவறையையும் பயன்படுத்தினால் அது ஒரு நாளைக்குத்தான் வரும். எனவே ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்க விரும்புவோர், விடுதி வளாகத்தில் கிடைக்கும் வெறும் நிறுத்துமிடத்தைத் தவிர்ப்பது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது சாலையை

முகாமின் படங்களைப் பார்ப்பதற்கு முன், அங்கு செல்லும் சாலையைப் பற்றி விசாரிப்பது அவசியம். தேனியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறு செல்வோர் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அதன் பின் வரும் கேப் ரோடு பகுதி, மழைக்காலத்தில் பாறைச் சரிவால் பலமுறை மூடப்பட்ட பாதையாகும். டெம்போ டிராவலர் அளவிலான கேரவன்கள் இச்சாலையில் சென்றுவிடும். பேருந்து அளவிலான வாகனத்துக்கும், காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வகைக்கும் ஒவ்வொரு வளைவும் சோதனையாகவே இருக்கும்.

பெரும்பாலான சிக்கல்கள் நெடுஞ்சாலையில் ஏற்படுவதில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் ஏற்படுகின்றன. நெடுஞ்சாலையிலிருந்து முகாமுக்குப் பிரியும் பாதை பெரும்பாலும் ஏலத்தோட்டம், தேயிலைத் தோட்டம் அல்லது ஆப்பிள் தோட்டத்துக்கான ஜீப் பாதையாக இருக்கும். தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகள், மரக்கிளைகள், குறுகிய பாலங்கள் ஆகியவை சுமார் மூன்று மீட்டர் உயரமுள்ள வாகனத்தைத் தடுத்துவிடும். வாகனத்தின் நீளம், உயரம், எடை ஆகிய மூன்றையும் முகாம் பொறுப்பாளரிடம் தெரிவித்து, 'இதே அளவுள்ள வாகனம் இதற்கு முன் இங்கு வந்திருக்கிறதா?' என்று கேட்பதே எளிய வழி.

இருட்டுவதற்குள் முகாமை அடையும் வகையில் பயணத்தைத் திட்டமிட வேண்டும். மலைச்சாலையில் பின்னோக்கி எடுத்துத் திரும்புவது பகலிலேயே கடினம். மேலும், சில காட்டுவழிச் சாலைகள் இரவில் திறந்திருப்பதில்லை. பந்திப்பூர் புலிகள் காப்பகத்தின் வழியே செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை உள்ளது.

ஆற்றங்கரை அழகும் அபாயமும்

கேரவன் முகாம்களில் அதிகம் விரும்பப்படுவது நீரோடையை ஒட்டிய இடம். மலைப்பகுதியில் அதிக எச்சரிக்கை தேவைப்படுவதும் அந்த இடத்துக்கே.

2023 ஜூலையில் பெய்த கனமழையால் பியாஸ் ஆற்றில் ஏற்பட்ட வெள்ளம், குல்லு - மணாலி இடையே தேசிய நெடுஞ்சாலையின் பல பகுதிகளை அடித்துச் சென்றது. கரையோரம் நிறுத்தப்பட்டிருந்த வாகனங்களும் கட்டடங்களும் ஆற்றில் சரிந்தன. ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டனர். 2025 ஆகஸ்டிலும் அதே ஆறு மணாலி பகுதியில் சாலைகளைச் சேதப்படுத்தியது.

மலையாறுகளில் வெள்ளம் படிப்படியாக உயர்வதில்லை. மேலே பல கிலோமீட்டர் தொலைவில் பெய்யும் மழை, முகாமில் ஒரு துளிகூட விழாத நேரத்திலும் ஆற்றைப் பெருக்கெடுக்கச் செய்யும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் ஏற்பட்ட நிலச்சரிவில், மலையுச்சிக்கு அருகே பெயர்ந்த மண்ணும் பாறைகளும் ஆற்றின் வழியே பல கிலோமீட்டர் பாய்ந்து முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை அழித்தன. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இடுக்கி மாவட்டத்திலும் இத்தகைய துயரங்கள் நிகழ்ந்துள்ளன. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் மீது மலை சரிந்ததில் 70 பேரின் உயிர் பறிபோனது. அவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். 2021 அக்டோபர் 16 அன்று வாகமண் மலைத்தொடரின் அடிவாரப் பகுதிகளான கொக்கையாறு, கூட்டிக்கல் ஆகிய இடங்களில் நிலச்சரிவுகள் ஏற்பட்டன. இந்நிகழ்வுகள் அனைத்தும் மழைக்காலத்தில், கனமழையின்போது நிகழ்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

முகாமின் நிலத்தை எப்படிப் படிப்பது?

நிலவியல் அறிவு இல்லாதவர்களும் சில அறிகுறிகளைக் கண்டுகொள்ள முடியும்.

* திடலில் உருண்டை வடிவக் கற்களும் ஆற்று மணலும் பரவிக் கிடந்தால், அது ஆறு முன்பு பாய்ந்த தடம். ஆறு மீண்டும் அங்கு வரக்கூடும்.

* திடலுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சுவர், தாங்குசுவர் இல்லாமல் நின்றால் அது மழையில் சரியக்கூடியது. மலையைக் குடைந்து புதிதாகச் சமன்படுத்திய இடங்களில் இது அதிகம்.

* சாய்ந்து நிற்கும் மரங்கள், வளைந்த மின்கம்பங்கள், தரையில் நீளமான விரிசல்கள், புதிதாகக் கசியும் ஊற்று ஆகியவை நிலம் நகர்வதற்கான அடையாளங்கள்.

* இரண்டு குன்றுகள் சேரும் ஓடைவாயில் அமைந்த திடல், கோடையில் வறண்டு காணப்பட்டாலும் மழைக்காலத்தில் நீர்வழியாக மாறும்.

* வாகனத்தை வெளியேற்ற ஒரே ஒரு பாலமோ ஒரே ஒரு சாலையோ மட்டும் இருந்தால், அது அடைபட்டால் என்ன வழி என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் புறப்படும் நாளில் மட்டுமன்றி, தங்கியிருக்கும் ஒவ்வொரு மாலையிலும் பார்ப்பது அவசியம். சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், இரவு நேரப் பயணத்துக்கு மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கலாம். பேரிடர் எச்சரிக்கைகளைப் பகிரும் 'சசேத்' செயலி, மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' செயலி ஆகியவற்றை மலையேறும் முன்பே கைப்பேசியில் பதிவிறக்கிக்கொள்ளலாம். முகாமில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும் என்பதும் முக்கியம். சிக்னல் இல்லாத இடத்துக்கு எச்சரிக்கை வந்து சேராது.

மின்சாரமும் மூச்சுக்காற்றும்

கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் 2024 டிசம்பர் 23 அன்று இருவர் இறந்து கிடந்தனர். வாகனத்தின் ஜெனரேட்டரிலிருந்து வெளியேறிய கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே மரணத்துக்குக் காரணம் என்று பின்னர் நடத்தப்பட்ட ஆய்வில் தெரியவந்தது. வடகரை மலைநகரம் அன்று. ஆனால், மின் இணைப்பு இல்லாத இடத்தில் ஜெனரேட்டரை இயக்கிக்கொண்டு உறங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அறிகுறிகள். உறக்கத்தில் இருப்பவர் இவற்றை உணரும் முன்பே நினைவிழந்துவிடலாம். மலைக்குளிரில் கதவு, சன்னல்களை இறுக மூடிவிட்டு, உள்ளே கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எரியவிட்டு வெப்பமூட்டிக்கொள்வதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

எனவே, வாகனத்துக்கு நேரடி மின் இணைப்பு தரும் முகாமைத் தேர்ந்தெடுப்பது வசதிக்காக மட்டுமன்று. 16 ஆம்பியர் இணைப்பு இருந்தால் சுமார் மூன்றரை கிலோவாட் வரை பயன்படுத்தலாம். ஒரு வெந்நீர்க் கருவியையோ ஒரு ஹீட்டரையோ இயக்க அது போதும்; இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்குவது சிரமம். நில இணைப்பு முறையாகச் செய்யப்பட்டுள்ளதா, மின்வெட்டின்போது முகாமின் பொது ஜெனரேட்டர் வாகனங்களிலிருந்து தள்ளி வைக்கப்பட்டுள்ளதா என்பதையும் கேட்க வேண்டும். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் ஜெனரேட்டரின் திறனும் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் குறையும்.

வாகனத்தை வாடகைக்கு எடுக்கும்போதே, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்டுள்ளதா, அது ஒலிக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே?

மலைநகரங்களில் சுற்றுலாப் பருவமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரே காலத்தில் வருகின்றன. 2018 மே, ஜூன் மாதங்களில் சிம்லா சந்தித்த குடிநீர் நெருக்கடி இதற்குச் சான்று. முகாமுக்குக் குழாய் நீர் வருகிறதா, லாரியில் கொண்டு வரப்படுகிறதா, ஓடையிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று கேட்டறிய வேண்டும். ஓடை நீரைக் காய்ச்சாமல் குடிப்பது கூடாது.

கேரவனில் இரண்டு வகைக் கழிவுநீர் சேரும். குளியல், பாத்திரம் கழுவும் நீர் ஒரு தொட்டியிலும், கழிவறைக் கழிவு மற்றொரு தொட்டியிலும் தங்கும். இரண்டாவது தொட்டியை, செப்டிக் டேங்க் அல்லது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்புடன் இணைந்த இடத்தில் மட்டுமே காலி செய்ய வேண்டும். அதற்கு இடமில்லாத முகாமில் தங்கினால், நிரம்பிய தொட்டியுடனேயே திரும்ப வேண்டியிருக்கும். அல்லது யாரோ ஒருவர் அதை மலைச்சரிவிலோ ஓடையிலோ திறந்துவிடுவார். அதே ஓடைதான் கீழே உள்ள கிராமத்தின் குடிநீராகவும் இருக்கும். 'கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்கிறீர்கள்?' என்ற ஒரே கேள்வி, அந்த முகாம் முறையாக நடத்தப்படுகிறதா என்பதைக் காட்டிவிடும்.

காட்டு எல்லையும் சட்ட எல்லையும்

2021 ஜனவரியில் வயநாடு மாவட்டம் மேப்பாடி அருகே தனியார் தங்குமிடத்தின் கூடார முகாமில் தங்கியிருந்த பெண் சுற்றுலாப் பயணி ஒருவர் காட்டுயானை தாக்கி உயிரிழந்தார். அதன் பின்னரே அப்பகுதியில் உரிமம் இன்றி இயங்கிய முகாம்கள் மீது அதிகாரிகளின் கவனம் திரும்பியது. கேரவனின் தகரச் சுவர் கூடாரத் துணியைவிட உறுதியானதுதான். ஆயினும் வாகனத்துக்கு வெளியே உணவு, பழத்தோல், உப்பு ஆகியவற்றை விட்டுவைத்தால் யானையும் கரடியும் தேடி வரும். மூணாறைச் சுற்றியுள்ள சின்னக்கானல் போன்ற பகுதிகள் யானைகளின் வாழிடங்கள். அங்கு வேலியும் இரவுக் காவலும் இல்லாத திடலில் தங்குவது உகந்தது அன்று.

சில இடங்களில் முகாமிடுவதே சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கங்கைக் கரையில் கவுடியாலா முதல் ரிஷிகேஷ் வரையிலான பகுதியில் முகாமிடுவதற்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015ஆம் ஆண்டில் கட்டுப்பாடுகளை விதித்தது. உத்தராகண்டின் 'புக்யால்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அம்மாநில உயர் நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. எனவே முகாமுக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமமும் சுற்றுலாத் துறைப் பதிவும் உள்ளனவா என்று கேட்பது பயணியின் உரிமையாகும்.

நகரத்துக்குள் நுழைவதற்கே அனுமதி தேவைப்படும் இடங்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி உதகை, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய்க்கு நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான சுற்றுலா வாகனங்களுக்கே அனுமதி வழங்கப்படுகிறது. முகாமுக்குப் பணம் செலுத்தும் முன் இவ்வனுமதிகளைப் பெற்றுக்கொள்வது இழப்பைத் தவிர்க்கும்.

உறங்கும் உயரமும் முக்கியம்

தென்னிந்திய மலைநகரங்களில் உயரத்தால் வரும் உடல்நலச் சிக்கல் அரிது. இமயமலையில் நிலைமை வேறு. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2020-ல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை வழியே சென்றால், 3,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ள சிஸ்ஸுவை மிகக் குறைந்த நேரத்தில் அடைந்துவிடலாம். வாகனம் விரைவாக ஏறினாலும் உடல் அவ்வாறு பழகுவதில்லை.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, வாந்தி, உறக்கமின்மை போன்ற மலைநோய் அறிகுறிகள் தோன்றலாம். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை. பகலில் எவ்வளவு உயரம் சென்றோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் உறங்குகிறோம் என்பதே முக்கியம். மணாலியில் இரண்டு இரவுகள் தங்கி, பகலில் சிஸ்ஸு சென்று திரும்புவது பாதுகாப்பான முறை. லே நோக்கிச் செல்வோர், மணாலியிலிருந்து நேரே 4,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ள சர்ச்சுவில் கேரவனை நிறுத்துவதற்கு மாறாக, கேலாங் அல்லது ஜிஸ்பாவில் முதலில் தங்குவது நல்லது. அறிகுறிகள் முற்றினால் ஒரே மருந்து கீழே இறங்குவதுதான். ஆகவே, இரவிலும் வாகனத்தை எடுக்கக்கூடிய முகாமாக அது இருக்க வேண்டும்.

பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள்

1. எங்கள் வாகனத்தின் நீளமும் உயரமும் இவை. கடைசி இரண்டு கிலோமீட்டர் சாலையில் வர முடியுமா?

2. திடல் சமதளமா, கான்கிரீட் அல்லது சரளைத் தரையா? மழையில் சக்கரம் புதையுமா?

3. ஆறு அல்லது ஓடை எவ்வளவு தொலைவில், எவ்வளவு தாழ்வில் உள்ளது? கடந்த மழைக்காலத்தில் நீர் எதுவரை வந்தது?

4. வாகனத்துக்குத் தனி மின் இணைப்பு உண்டா? எத்தனை ஆம்பியர்?

5. தண்ணீர் நிரப்பும் வசதி உண்டா? கூடுதல் கட்டணமா?

6. கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது?

7. இரவுக் காவலர் இருக்கிறாரா? வனவிலங்கு நடமாட்டம் உண்டா?

8. எந்தக் கைப்பேசி நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும்?

9. அருகிலுள்ள மருத்துவமனை, பெட்ரோல் நிலையம், பழுதுபார்க்கும் இடம் எவ்வளவு தொலைவு?

10. கனமழை எச்சரிக்கை வந்தால் முன்பதிவை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ முடியுமா?

பத்தாவது கேள்விக்கான பதிலை எழுத்துவடிவில் பெற்றுக்கொள்வது சிறந்தது. கட்டணம் வீணாகிவிடும் என்ற எண்ணமே, எச்சரிக்கையை மீறி மலையேறச் செய்யும் காரணங்களுள் ஒன்று.

எந்தக் காலம் ஏற்றது?

மூணாறு, வாகமண் பகுதிகளுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள் கேரவன் பயணத்துக்கு ஏற்றவை. தென்மேற்குப் பருவமழை தீவிரமடையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும், பெருமழைக்கு வாய்ப்புள்ள அக்டோபரிலும் கூடுதல் கவனம் தேவை. மணாலிக்கு மே முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலும், மழை ஓய்ந்த பின் செப்டம்பர் இறுதி முதல் அக்டோபர் வரையிலும் செல்லலாம். டிசம்பர், ஜனவரியில் அங்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்வதால், கேரவனின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்க வாய்ப்புண்டு.

நகரத்திலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, உறுதியான சமதளத்தில், மின்சாரமும் கழிவகற்றும் வசதியும் கொண்ட முகாமைத் தேர்ந்தெடுத்துவிட்டு, காட்சி முனைகளுக்கு உள்ளூர் ஜீப்பிலோ பேருந்திலோ சென்று வருவது எளிது. குறுகிய மலைவீதிகளில் கேரவனை நிறுத்த இடம் தேடும் சிரமமும் குறையும். உள்ளூர் ஓட்டுநர்களுக்கும் வருவாய் கிடைக்கும். ஆற்றங்கரை அழகைப் பகலில் பார்த்துவிட்டு, இரவில் மேட்டுநிலத்துக்குத் திரும்பி உறங்குவதே மலைப்பயணத்தில் பாதுகாப்பானது.